மூடியில் ஒட்டிய சீட்டு

கோபக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு நாளாகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் மண்புழு உரத் தொட்டி என் உயிரை வாங்குகிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மூடியைத் திறந்தால் ஈ முகத்தில் மொய்க்கிறது. உள்ளே ஒரே சொதசொதப்பு. புழுக்களெல்லாம் மேலேறித் தப்பிக்கப் பார்க்கின்றன. செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன், அடியிலுள்ள குழாயைத் திறந்து நீரை வடித்தேன். மறுநாளே பழையபடி ஆகிவிட்டது.

எதிர்வீட்டு டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். "அதுல என்னதான் சார் கொட்டறீங்க?"

"மீந்துபோன சாப்பாடுதாங்க."

"சமைச்சதைப் போட்டா ஈ வராம மயிலா வரும்? தினமும் மீந்துபோற அளவுக்கு ஏன் சமைக்கிறீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

மூடியில் நீ ஒட்டிய சீட்டில் ‘காய்த்தோல் மட்டும், ஒரு கைப்பிடி’ என்றிருக்கிறது. எனக்கென்ன படிக்கத் தெரியாதா? அடுப்பில் வைக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு அளந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?

இன்றும் அளந்துவிட்டது. தொட்டியில் இனி இடமில்லை. உன் தட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்