மருந்து ஏற்றிய அன்று நான் கொண்ட நித்திரை

இன்று காலை நெடுங்கேணிச் சந்தையில் ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் கீறி மூக்கடியில் பிடித்தேன். "நல்ல காய்தான் அண்ணை, நம்பி எடுங்கோ" என்றான் கடைக்காரன். காய் நல்லதா என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் குமட்டாமல் இருக்க நீர் செய்வதை என் கை தானாகச் செய்துவிட்டது. அந்த மணத்துக்கு அழுகை வரும் என்று நினைத்துக் கொஞ்சம் நின்றேன். வரவில்லை. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீர் போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான், அவ்வளவையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உமக்கு மருந்து ஏற்றும் நாட்களில் விடியுமுன்பே யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடுவோம். புளியங்குளம் வருமுன்னரே தேசிக்காய் கைக்கு வந்துவிடும். புற்றுநோய் என்று ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது உம்முடைய கட்டளை.

"எங்கை போறியள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

"காணி அலுவல் எண்டு சொல்லுங்கோ. காணிப் பிரச்சினை இல்லாத ஆள் ஆர் இஞ்சை இருக்கு?"

உண்மைதான். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காணி உறுதி கிடைத்துவிட்டதா என்று மட்டும் பக்கத்துக் காணிக்காரர் ஒருநாள் விசாரித்தார்.

எல்லா நாட்களும் ஒன்றோடு ஒன்று கலந்துபோய்விட்டன. மூன்றாம் முறை போன நாள் மட்டும் தனியே நிற்கிறது. காலையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்தோம். பதினொரு மணிபோல உம்மைச் சாய்கதிரையில் இருத்தி, நரம்பு தேடினார்கள். இரண்டு இடத்தில் குத்தி மூன்றாவதில்தான் கிடைத்தது. நான் சுவரில் சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சிவப்பு மருந்து வந்தது. "வற்றாப்பளைப் பொங்கலிலை விக்கிற சர்பத் மாதிரிக் கிடக்கு" என்றீர். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் சிரித்தா. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"குமட்டுதோ, சத்தி வருதோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டேன்.

"நீங்கள் கேக்கக் கேக்கத்தான் வருது. சும்மா இருங்கோ."

மத்தியானம் வெளியே போய்ச் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கி வந்தேன். உமக்கு அதன் மணமே ஆகவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்கள் சாப்பிடுங்கோ, விடியவும் ஒண்டும் தின்னேல்லை" என்றீர். நான் முழுவதையும் சாப்பிட்டேன். அப்படி ஒரு இடத்தில் எனக்குப் பசித்ததே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. மருந்து தன்பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குமேல் இருக்கும், நான் பிளாஸ்டிக் கதிரையில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினேன். நித்திரை வரவில்லை. அப்போதுதான் நீர் மெல்லச் சொன்னீர்.

"இஞ்சேருங்கோ. எனக்கு இதோடை காணும். அடுத்தமுறை நான் வரேல்லை. இருக்கிற நாளை வீட்டிலை இருந்து கழிப்பம்."

டொக்டர் எங்களுக்கு ஒன்றையும் ஒளிக்கவில்லை. நோய் ஈரலுக்கும் போய்விட்டது, மருந்தால் கொஞ்ச மாதம் கூடக் கிடைக்கலாம், முழுதாக மாறாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே நீர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓம் என்றால் உம்மை நானே அனுப்பிவைப்பதுபோல் இருந்தது. இல்லை என்று சொல்லவோ, ஊசி குத்திய அந்தக் கையைப் பார்த்த பிறகு வாய் வராது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"கேட்டதோ?" என்றீர். நான் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்நேரம் நேர்ஸ் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தை எடுத்து வரும்படி என்னைக் கூப்பிட்டா. நீர் தடுத்தீர். "அவர் நல்ல நித்திரை, மிஸ். எழுப்பாதேங்கோ, பாவம். பேந்து நான் சொல்லுறன்."

கொஞ்ச நேரம் கழித்து நான் எழும்பி, கண்ணைக்கூடக் கசக்கினேன். நாடகக்காரன் கெட்டான். "நித்திரையாப் போனன் போல" என்றேன். "ஓம், நல்ல நித்திரை" என்றீர். அந்தக் கதையை நீர் பிறகு எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த மருந்து நாள் விடியமுன் நான் எழும்பியபோது, நீர் சேலை உடுத்து, பையோடு வாசலில் நின்றீர். மனம் மாறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் சேர்த்து இன்னும் நான்கு முறை போனோம். கடைசி முறை பஸ்ஸில் உம்மால் நிமிர்ந்து இருக்க முடியவில்லை.

உம்முடைய செத்தவீட்டில் நான் அழவில்லை. வாடகைக் கதிரைகள் திரும்பிப் போய்விட்டனவா என்று இரண்டுமுறை கேட்டேனாம். மகள்தான் பிறகு சொன்னாள்.

அவள் போன கிழமை வவுனியாவிலிருந்து பிள்ளையோடு வந்து நின்றாள். பின்னேரம் நான் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பியதும் பேச்சு விழுந்தது.

"என்னப்பா இது, உழவு மெசின் மாதிரிக் குறட்டை! பிள்ளை எழும்பியிட்டாள். அம்மா உங்களைத்தான் சொல்லுறவா, 'கொப்பர் கதிரையிலை இருந்து கண்ணயர்ந்தாலும் அயலுக்கே கேக்கும். சத்தமில்லாமல் கிடந்தாரெண்டால் முழிச்சிருக்கிறார்' எண்டு."

அவள் சிரித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே இருந்தேன். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனது.

அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் என்னிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நேர்ஸிடம் நீர் சொன்னது பொய். பதில் சொல்லப் பயந்த மனிசனை மற்றவர் முன்னால் காட்டிக்கொடுக்காமல் மூடிவிட்டீர். பிறகு நான்கு முறை கையை நீட்டினீர். மருந்தில் நம்பிக்கை வைத்து நீட்டவில்லை, என்னால் உம்மை விட ஏலாது என்று தெரிந்துதான் நீட்டினீர். முப்பத்தொரு வருடத்தில் உம்மிடம் நான் கேட்டு வாங்கியவை எத்தனையோ. இந்த நான்கு முறையை மட்டும் வாய்திறந்து கேட்காமலே வாங்கிவிட்டேன். அது இப்போது என்னோடுதான் இருக்கிறது, நான் எங்கும் இறக்கி வைக்கப்போவதில்லை.

நான் விழித்துத்தான் இருந்தேன். நீர் சொன்னது முழுவதும் கேட்டது.