பிரபினின் நாலாவது வரி

அன்பு மகள் ஷீஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று அழாதே. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். தம்பி பிரபினின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். டயாலிசிஸ் தேதி குறிக்கிற நோட்டில் அவன் ஒரு கனவுக் கவிதை எழுதியிருந்தானே, அதைப் போடலாம் என்று ததேயுஸ் வாத்தியாரிடம் காட்டினேன்.

கதவைத் தேடிக் கனவில் நடந்தேன்
பதறிப் பதறிச் சுவரைத் தொட்டேன்
உதவி கேட்க வாயைத் திறந்தேன்
அம்மா

வாத்தியார் விரல்விட்டு எண்ணினார். வரிக்கு நாலு சீரு, கத பத உதன்னு எதுகையும் நல்லா விழுந்திருக்கு, கடைசி வரிதான் நொண்டுது லீமா, பய முடிக்காம போட்டுட்டான் என்றார். 'இதமாய் விடிய விழித்துக் கொண்டேன்' என்று, அம்மாவை அடித்துவிட்டு அவரே ஒரு வரி எழுதிச் சேர்த்து, இப்ப பாரு, சோகமும் மாறியாச்சு என்றார். உள்ளதைச் சொல்லுகிறேன், எனக்கும் மூச்சு வந்தது மாதிரிதான் இருந்தது. அந்த வரி இருந்தால், அம்மா எங்கே போனாள் என்று ஊரார் கேட்கமாட்டார்கள். மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போய், அவன் உயிர் போகிற நேரம் நான் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை தல்லி உடைத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் அவன் கிடந்த அறைக்குள் நானும் கிடக்கிறேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நேற்று வேலையில் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை. மூன்று வரி சரியாக வந்தது. நாலாவதில் அம்மா என்று ஒன்றை உடைத்தேன், வரிக்கு நாலு என்று பழகின கை நிற்கவில்லை, மிச்சம் மூன்று அடி வெறும் கல்லில் விழுந்தது. பக்கத்தில் இருந்த நேசம்மாள், ஏட்டி, கொட்டையில்லாம கல்லையா தல்லுக என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முடிக்காமல் விடவில்லை மக்கா, கூப்பிட்டுவிட்டுக் காதுகொடுத்து நிற்கிறான், அந்த மூன்று அடியும் அவன் காத்திருந்த நேரம். அந்த இடத்தில் வாத்தியாரை எப்படிப் பேச விடுவேன்? அவனுக்கு இதமாய் விடியவும் இல்லையே. அச்சகத்தில் போய், அவன் எழுதியபடியே போடச் சொல்லிவிட்டேன். வாத்தியாருக்கு முகம் வாடிவிட்டது. ஊர் கேட்கிறதைக் கேட்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏசி காற்றில் தலை ஈரத்தோடு படுக்காதே. மாதா உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பூசை, உனக்கு அப்போது ஐந்து மணி, மறந்துவிடாதே. அந்த நேரம் அங்கே நீ அதை வாய்விட்டு வாசி. அம்மா என்றதும் நிறுத்திவிடு. நான் இங்கே, என்ன மக்கா என்று கேட்கிறேன்.

உன் அம்மா,
லீமா