அம்மா சொல்லாததை நான் சொன்னது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. றக்வான பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். முதல் பாடம் போச்சு.

விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், அதனால்தான் பயம்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் யூனியன் தலைவர் அறிவித்தாராம். இரத்தினபுரியில் புதிதாகத் தொடங்கிய அரசாங்க மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை நம் லயத்து வரிசை வீடுகளுக்கு வருகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர். நம் பக்கம் டாக்டர் போதாது என்றுதான் அந்தப் பீடமே தொடங்கினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வாரத்தில் இரண்டு நாள், அவரும் டாக்டர் இல்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அத்தை: "நம்மள வச்சு ஊசி போட்டுப் பழகப் போறாங்க போல."

தலைவர்: "ஊசியெல்லாம் இல்ல. கேள்வி கேப்பாங்க, எழுதிக்கிட்டுப் போவாங்க. யாரும் கொற சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. நம்ம மானம் போயிரும்."

எனக்குப் பயமாக இருப்பவை:

1. மலை ஏறும்போது அம்மா நடுவழியில் நிற்பது. சேலையைச் சரிசெய்வதுபோல் நடிப்பது.
2. வேகாத அரிசி. டின்னிலிருந்து அள்ளி நாள் முழுதும் மென்றுகொண்டே இருப்பது.
3. மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் கொடியில் பழைய துணி. சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவது.
4. சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. அவருக்கும் மேலே மூன்றாவதாக எழுதியதில்தான் தொடங்கியது. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது செய்ய ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

மழை குறைவு. கணிதத்தில் 71.

அதிபர் கூப்பிட்டு, சனிக்கிழமை எங்கள் வரிசைக்கு நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். வகுப்பில் சிங்களம் எனக்குத்தான் நன்றாக வரும். பெருமை. பிறகு ஒரு யோசனை. எங்கள் வீட்டுக்கும் நான்தானா?

அம்மாவுக்கு இன்று அரைப்பேர், பாதி நாள் கூலிதான். தேயிலைக் கொழுந்து எடை போதவில்லை. "மழையில கை வெறச்சிருச்சு" என்றார். மற்றவர்களுக்கும் அதே மழைதான்.

அப்பாவிடம் போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார். அங்கிருந்து என்ன செய்வார். சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

லயம் முழுக்கச் சுண்ணாம்பு. சாக்கடைக் கானைக் கழுவினார்கள். தலைவர் தானே விளக்குமாறு பிடித்தார்.

கொதித்த தண்ணீர் குடிக்கிறீர்களா, ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்பார்களாம். எட்டு வீட்டில் புஷ்பம் அத்தை வீட்டில் மட்டும் ஃபில்டர், அதுவும் நீல மூடி உடைந்தது. என்ன செய்வது என்று எல்லாரும் பைப்படியில் கூடிப் பேசினார்கள். முடிவை எழுதினால் சிரிப்பு வரும். நாளைக்கு எழுதுகிறேன்.

கிறீம் கிராக்கர் ஒரு பாக்கெட், சோடா ஒன்று வாங்கி வைத்தாயிற்று.

ஜூலை 12, சனி

எழுத நிறைய.

எட்டுப் பேர் வந்தார்கள், வெள்ளைக் கோட்டு. ஆள் போதவில்லை, அதனால் எங்கள் லயத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு நான்கு வீடு; மற்றவர்கள் மற்ற லயங்களுக்கு. எங்களுக்கு வந்தவர் இமேஷா. எம்பிலிப்பிட்டியப் பிள்ளை. சிங்களத்தில் என்னை "நங்கி", தங்கை என்றார், நான் "அக்கே" என்றேன்.

முதலில் புஷ்பம் அத்தை வீடு. ஃபில்டர் மேசை மேல். எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டுக்கு நாங்கள் முன்வாசல் வழியாகப் போவதற்குள் ஃபில்டர் பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேயும் எழுதிக்கொண்டார். மூன்றாவது வீட்டில் ஃபில்டரைக் கொண்டுவந்த புஷ்பம் அத்தைக்கு மூச்சிரைத்தது, மூடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இமேஷா அக்கா மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த ஃபில்டர் ரொம்பக் களைத்திருக்கும், நங்கி" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லி, மூன்று வீட்டையும் அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். எனக்கு வெட்கம். அவருக்குக் கோபமே இல்லை. மூன்று சோடா குடித்திருந்தார் பாவம்.

நான்காவது எங்கள் வீடு. பிஸ்கட். அம்மா நல்ல சேலை. தண்ணீர், கழிவறை, அப்பா வேலை எல்லாம் கேட்டு முடிந்தது.

பிறகு, வீட்டில் யாருக்காவது நோய் இருக்கிறதா?

அம்மா என்னிடம்: "ஒண்ணும் இல்லன்னு சொல்லு. கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கோம்னு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். சிங்களத்தில், ஒரே மூச்சில்: அம்மாவுக்கு நாலு மாதமாக இரத்தப்போக்கு அதிகம். மலை ஏற முடியவில்லை. வேகாத அரிசி சாப்பிடுகிறார். சித்தி இப்படித்தான் இறந்தார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பேனா நின்றது. அம்மாவை மேலே பார்க்கச் சொல்லி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி. அரிசி தின்னத் தோன்றுவதே இரத்தம் குறைந்ததால் இருக்கலாம் என்றார். புதன்கிழமை இரத்தினபுரி கிளினிக், அவர்களுடைய பேராசிரியர் இருப்பார், தானும் வாசலில் நிற்பாராம்.

அம்மா: "என்னவாம்?"

"கண்ணு வெளுத்திருக்காம். புதன்கிழமை வரச் சொல்றாங்க."

"புதன்கிழமை பேரு போயிருமே."

இவ்வளவுதான். நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். இல்லை, உண்மையாக. தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி துவைத்தோம்.

பைப்படியில் அம்மா என்னைப் பார்க்காமலே: "தங்கச்சி செத்தத எல்லாம் அந்தப் புள்ளகிட்ட எதுக்கு இழுத்த?"

சவர்க்காரம் கையிலிருந்து நழுவியது.

"எனக்குச் சிங்களம் புரியாதுன்னா நெனச்ச? இருபது வருசமா கொழுந்து நிறுக்குற எடத்துல நிக்கிறேன். நிறுக்குறவன் சிங்களத்துல ஒரு கிலோ கொறச்சுச் சொன்னாலும் எனக்குக் கேக்கும்."

"அப்பவே ஏம்மா தடுக்கல?"

நீண்ட நேரம் சேலையைப் பிழிந்தார்.

"எனக்கு வாயில வரல. நீ சொல்லிட்ட. சரி விடு. புதன்கிழமைக்கு அந்த நீலச் சேலைய எடுத்து வையி."

திட்டவில்லை. அடிக்கவில்லை. மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஐந்தே கால் பஸ். எனக்கு வாந்தி, அம்மாவுக்கு இல்லை.

இமேஷா அக்கா சொன்னபடியே வாசலில். பேராசிரியர் ஒரு பெண், குள்ளம், சத்தமில்லாமல் பேசுவார். மாணவர்கள் ஆறு பேர் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டார். நான் தமிழில் சொல்ல ஆரம்பிக்கும் முன் அம்மாவே சிங்களத்தில், பரவாயில்லை, படிக்கட்டும் என்றார். கேள்வி கேட்க வேண்டிய மாணவர் காது சிவந்து தரையைப் பார்த்தார். அம்மா அவரிடம், "வெட்கப்பட்டால் எப்படி டாக்டராகிறது மகனே, கேளுங்கள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பேராசிரியரும்.

ஸ்கேனில் ஒரு கட்டி. சாதாரணக் கட்டி போலத்தான் தெரிகிறது, ஆனாலும் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முடிவுக்கு இரண்டு வாரம். கைநிறைய இரும்பு மாத்திரை.

வெளியே அம்மா இமேஷா அக்காவிடம்: "படிச்சு முடிச்சா நம்ம பக்கமே இருப்பீங்களா துவே?" துவே என்றால் மகளே.

அவர் கொஞ்சம் யோசித்தார். எங்கே போடுவார்களோ தெரியாது, ஆனால் இங்கேயே கேட்பேன் என்றார். இருப்பேன் என்று சும்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் நம்புகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

மழை. படிக்க முடியவில்லை. அம்மா அரிசி டின்னை மேல் தட்டில் வைத்துவிட்டார். இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னும் எட்டு நாள்.

ஜூலை 30, புதன்

புற்றுநோய் இல்லை.

இன்னொரு முறை எழுதுகிறேன். புற்றுநோய் இல்லை. சித்திக்கு வந்தது இல்லை.

இரத்தம் ஏறியதும் கட்டியை எடுப்பார்கள். அம்மா பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு ஐஸ்கிரீம், தனக்கு ஒன்று. பஸ் எடுத்ததும் என் தோளில் சாய்ந்து பெல்மதுளை வரை அழுதார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐஸ்கிரீம் என் பாவாடையில் வடிந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். பைப்படியில் கூட்டம். அம்மா நடுவில் நின்று எல்லாம் சொல்லிவிட்டார். இரத்தம், துணி, அரிசி, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவர் தண்ணீர் பிடிக்க வந்தவர் பாதியில் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு புஷ்பம் அத்தை: "எனக்கு அரிசி இல்லக்கா. சுவத்துச் சுண்ணாம்பு."

ஒருவர் பின் ஒருவராக. அஞ்சு பேர்.

இந்தப் புதன்கிழமை அம்மாவோடு சேர்த்து ஆறு பேர் இரத்தினபுரிக்கு. தலைவர் கங்காணியிடம் பேசுகிறாராம், அன்றைக்குப் பேர் போகாமல் பார்ப்பதற்கு. நானும் பள்ளிக்கு லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ எதுக்கு? பள்ளிக்கூடத்துக்குப் போ. நாங்களே பேசிக்குவோம்."