கூகுளுக்குச் சபையார் சொன்ன ஆமென்

போடி

அன்பு மகள் ஷீபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் உடம்பளவில் நாங்கள் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் தாளை எடுத்தேன். உன் அப்பா மூன்று வாரமாக ஆலயத்துக்கு வரவில்லை. நம் ஏலக்காய்க் கடைக்கு நீ போட்டுத் தந்த வெப்சைட், கூகுளில் போடி ஏலக்காய் என்று தட்டினாலே முன்பெல்லாம் மேலே வந்து நிற்கும், சென்னை பெங்களூர் என்று ஆர்டர் வரும். சாரல் தொடங்கியதிலிருந்து அது மூன்றாம் பக்கத்துக்கு இறங்கிவிட்டது, அங்கே யார் தேடிக்கொண்டு வருவார்கள்? அப்பா தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுரேஷ்கண்ணனைக் கூட்டி வந்தார். அந்தத் தம்பி முதல் வேலையாக நீ எழுதியிருந்ததை அழித்தது. பாயசத்துக்கு எந்த ரகம், டீக்கு எந்த ரகம், மணம் போகாமல் எப்படி வைப்பது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, அதெல்லாம் போய், போடி ஏலக்காய் தேனி ஏலக்காய் கம்பம் ஏலக்காய் என்று வரிக்கு வரி அதையே போட்டு வைத்தது. இப்படிப் போட்டால்தான் கூகுளுக்குப் பிடிக்குமாம். படிக்கிற மனுஷருக்குப் பிடிக்க வேண்டாமா என்று கேட்டேன், அப்பா என்னை முறைத்தார்.

அது போதாதென்று, வாங்கினவர்கள் கூகுளில் நட்சத்திரம் போட்டு நாலு வார்த்தை எழுதினால் கடை மேலே ஏறும் என்றும் அந்தத் தம்பி சொல்லிவிட்டுப் போனது. அப்பா அறுப்பின் பண்டிகை அன்று அறிவிப்பு நேரத்தில் எழுந்து, எல்லாரும் எழுதித் தாருங்கள் என்று சபையிலேயே கேட்டுவிட்டார். நம் ஜனங்களுக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் ஜான்சி அக்கா ஒரு வரி எழுதி சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட, எல்லாரும் அதையே எடுத்து ஒட்டி அஞ்சு நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். அக்கா எழுதின வரி ஆமென் என்று முடிந்திருந்தது, அதனால் எல்லாருடையதிலும் ஆமென். மறுவாரமே கூகுள் அத்தனையையும் தூக்கிவிட்டது. அதோடு நின்றதா, நிஜமாக வாங்கினவர்கள் வருஷக்கணக்காக எழுதியிருந்ததும் சேர்ந்து போயிற்று, அந்தக் கோட்டயம் டீச்சர் மலையாளத்தில் எழுதினதும்தான். இப்போது கடைப் பெயரையே தட்டினாலும் எங்கேயோ கீழே கிடக்கிறது. கிறிஸ்துமஸ் ஆர்டர் வருகிற நேரத்தில் பொட்டலம் கட்டும் மேஜை காலியாக இருக்கிறது.

வியாபாரம் படுத்ததைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். போதகர் வீட்டுக்கு வந்து ஏன் காணோம் என்று விசாரித்தபோது, "பாதிப்பேரு என் கடையில ஒரு காய்கூட வாங்கினதில்ல ஐயா, எனக்காக எழுதினாக. சபையவே பொய்ச்சாட்சி சொல்ல வச்சுட்டேன், எந்த முகத்தோட உள்ள வந்து உக்காருவேன்" என்று அழுதுவிட்டார். கடையைச் சாத்திவிடலாம் என்றும் சொல்கிறார். சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ உன் பழைய எழுத்தை மறுபடி ஏற்றிவிடு. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே அதற்குத் தலைப்பாக வை. படங்கள் பெரிதாக இருப்பதால் போனில் திறக்க நேரமாகிறது என்கிறார்கள், அதையும் பார். வாங்கினவர்கள் மட்டும் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதும்படி இனி பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வைக்கப் போகிறேன். மெதுவாக ஏறட்டும், பரவாயில்லை.

இன்னொன்று. எல்லாம் போனபிறகும் கூகுளில் ஒன்றே ஒன்று மிச்சம் நிற்கிறது, நீ அங்கே போன புதிதில் நட்சத்திரம் போட்டு எழுதினது. என் அப்பா கையால் பொறுக்காத ஒரு காயும் இந்தக் கடையை விட்டு வெளியே போகாது என்று எழுதியிருந்தாயே, அது. பெற்ற மகள் சொல்வது சாட்சியாகாது, அதையும் எடுக்கச் சொல் என்கிறார். எடுத்துவிடு மகளே. ஆனால் தினமும் கடை திறந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாசிப்பது அதைத்தான். அதனால் முதலில் அதே வரியை உன் கையால் ஒரு தாளில் எழுதி, அப்பா பெயருக்குத் தபாலில் போடு.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். தபால் அவர் கைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லும்வரை கூகுளில் இருப்பதை அழிக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
ஞானபாக்கியம் பொன்னுராஜ்