மைக்ரோஸ்கோப்புக்குத் தைத்த சட்டை

அண்ணா,

இன்று காலை வேலைக்கு வரும்போது பஸ்ஸில் வைத்து போனில் ஒரு படம் வந்தது. தான்சானியாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் ஆபரேஷன் தியேட்டர் மூலையில் நம்முடைய பழைய மைக்ரோஸ்கோப் நிற்கிறது, மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு. சட்டையின் நெஞ்சில் சிவப்பு நூலில் ஒரு காது. படத்துக்குக் கீழே அங்குள்ள நர்ஸ் கேட்டிருந்தாள்: "இது முந்திரிப்பருப்புதானே? எங்கள் ஊரிலும் நிறைய விளையும்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டாள். அந்தக் காதைப் பார்த்து முதலில் இதே கேள்வியைக் கேட்டவர் நீங்கள். உங்களிடம் காட்ட முடியவில்லையே என்று பாறசாலை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்வரை மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த மைக்ரோஸ்கோப் நமக்கும் தானமாக வந்ததுதான். ஏதோ குளிர் தேசத்திலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது. மாற்று பல்பு இல்லை, விளக்கப் புத்தகம் நமக்குப் புரியாத மொழியில். ஆனாலும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அரிசிமணி அளவே உள்ள காதெலும்பை இனி இங்கேயே பார்த்து அறுக்கலாம், யாரையும் நகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வைக்க வேண்டாம். புதிதாக எது வந்தாலும் சட்டை தைத்துப் போடுவது நம் வழக்கமல்லவா? டிவிக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, சபை ஆர்மோனியத்துக்கும் உண்டு. தியேட்டர் சிஸ்டரான நானே பெண்கள் சங்கத்தில் போய்ச் சொன்னேன். தையல்காரி ஞானபாய் அக்கா தடித்த ரெக்ஸினில், உள்ளே பிளானல் வைத்து, அடிவரை மூடும்படி தைத்துத் தந்தாள். சும்மா தரக்கூடாதென்று நெஞ்சில் சிவப்பு நூலால் ஒரு காதையும் போட்டாள்.

ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழை முடியுமுன் அந்த அக்காவே எங்களிடம் நோயாளியாக வந்தாள். இடது காதில் வருஷக்கணக்காகச் சீழ். இப்போது தலைசுற்றலும் சேர்ந்துவிட்டது. நோய் எலும்பை அரித்து மூளைப் பக்கம் போகிறது, இனித் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை சட்டையைக் கழற்றிக் கண்ணை வைத்தவர் என்னைக் கூப்பிட்டார். நானும் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை கட்டியதுபோல் பூஞ்சை. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கிற உங்களுக்குத்தான் ஓடிப்போய் போன் போட்டேன்.

மழையில் காட்டாக்கடையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தீர்கள். தலையைக்கூடத் துவட்டாமல் ரெக்ஸினைத் தடவிப் பார்த்தீர்கள்.

"சிஸ்டரே, இதென்ன, அண்டிப்பருப்பா?"

"காதாக்கும் அண்ணா."

"நல்லாத்தான் தச்சிருக்கு. ஒரு சொட்டு வெள்ளம் உள்ள போவாது. ஆனா உள்ள கெடக்கிய ஈரம் எங்க போவும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணேறு படாமல் வைக்கிறோம் என்று மூச்சுமுட்ட வைத்திருந்தோம். அடுத்து நீங்கள் கேட்டதுதான் என்னை இன்னும் குத்தியது. "இதுக்கு வீட்டுக்காரன் யாரு?" டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் சொந்தமான அந்தச் சாமானை ஒருநாளும் தன் பொறுப்பென்று திறந்து பார்த்தவர் யாருமில்லை.

இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்தீர்கள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள், தலையை ஆட்டிவிட்டு மறுபடி துடைப்பீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் கண்ணை வைத்தார். "தெளிவா உண்டு" என்றார். ஆபரேஷன் முடியும்வரை, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன்போல் நீங்கள் வராந்தாவில் ஸ்குரூடிரைவரோடு நடந்ததை உள்ளே போய்வந்த எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். அக்காவுக்கு அந்தக் காதில் கேட்கும் சக்தி முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சீழ் நின்றது, தலைசுற்றல் போனது, ஆள் பிழைத்துக்கொண்டாள். இன்றும் நெய்யாற்றின்கரை சந்தைக்கு நடந்தே போகிறாள்.

கட்டுப் பிரிக்க வந்த அன்று அவள் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

"நான் தச்சதுனாலயா அண்ணா இப்படி ஆச்சு?"

"தையல்ல ஒரு குத்தமும் இல்ல அக்கா. துணிய மாத்துங்க. காத மாத்தாண்டாம்."

அப்படி வந்ததுதான் இந்த வெள்ளைச் சட்டை. ஈரம் அண்டாமலிருக்க, கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல் அலமாரியில் பல்பு எரியவிட்டு, லென்ஸுகளை அதில் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். அன்று கிளம்பும்போது ஸ்கூட்டர்வரை ஓடிவந்து சொன்னேன்: "அண்ணா, வீட்டுக்காரி நானாக்கும்." நீங்கள் சின்ன ஸ்குரூடிரைவரை என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

போன வருஷம் எங்களுக்குப் புது மைக்ரோஸ்கோப் வாங்கினார்கள். பழையதைத் தான்சானியாவுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது நீங்கள் இல்லை, கண்ணை மூடி நாலு மாசம் ஆகியிருந்தது. மாற்று பல்பு, ஃபியூஸ், இரண்டு சட்டை, படம் வரைந்து எழுதிய பராமரிப்புத் தாள் எல்லாம் பெட்டியில் வைத்தேன். ஆணி அடிக்குமுன் அங்கே எழுதிக் கேட்டேன்: இதற்கு வீட்டுக்காரர் யார்? கமிட்டி என்று பதில் வந்தது. ஒரு ஆள் பெயர் வரட்டும், அதுவரை பெட்டி நகராது என்று எழுதிவிட்டேன். தானம் கொடுக்கிறவளுக்கு இவ்வளவு வாயா என்று இங்கே சிலர் முணுமுணுத்தார்கள். குடுத்தா மட்டும் போராது என்று நீங்கள் சொல்வதை நான் திருப்பிச் சொன்னேன். மூன்றாம் வாரம் ஒரு நர்ஸின் பெயர் வந்தது. காலையில் படம் அனுப்பியவள் அவள்தான். இதுவரை பதினொரு பேருக்குக் காது ஆபரேஷன் முடிந்ததாம். அண்ணா, எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெருமையில் பாதிக்குமேல் உங்களுடையது.

ஸ்குரூடிரைவர் இப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கிறது. எந்தச் சாமான் வந்து இறங்கினாலும் உங்கள் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன், அதனால் புது ஆட்கள் என்னைக் கண்டால் கொஞ்சம் பயப்படுகிறார்கள். பயப்படட்டும்.

முந்திரிப்பருப்பு இல்லை, காது என்று அவளுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: "சரி, காது. இங்கே மழை தொடங்கிவிட்டது. அலமாரியில் பல்பு எரிகிறது."

இங்கேயும் எரிகிறது, அண்ணா.

உங்கள்
பாறசாலை வீட்டுக்காரி