நீல மஞ்சள் மஃப்ளர்

மரியே வாழ்க

பிளேஸ்டோ, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் றூபினிக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சில கீழே சரிந்து கிடக்கும். நேற்றே ஒரு தாளில் எழுதிப் பார்த்த கடிதம் இது, விரல் நொந்தால் நிறுத்தி, ரீ குடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். ஆனால் இதில் ஒரு சொல்கூட வேறு ஆள் எழுதித் தந்தது இல்லை, அதை நீ மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். மாதாவின் தயவால் நானும் உன் அண்ணன் சுஜீத்தும் மருமகள் சுவர்ணாவும் சுகம், அமெரிக்காவில் நீங்கள் மூன்று பேரும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். முழங்கால் நோ இருந்தபடியே இருக்கிறது. பிரஷர் குளிசை தவறாமல் போடுகிறேன். இந்த வாரம் பிரஷர் ஏறினால் அதற்கு உப்பு காரணம் இல்லை, பழைய மாணவர் சங்கம்தான் காரணம்.

கணேசலிங்கம் உனக்குப் போன் எடுத்து எல்லாம் சொல்லிவிட்டான் என்று தெரியும். அவன் நல்ல சிநேகிதன், ஆனால் எதையும் பாதிதான் சொல்வான். அதைக் கேட்டுவிட்டு நீ எடுத்து, விடுங்கோ அப்பா, இந்த வயசில ஏன் உங்களுக்கு உந்த வம்பு, இனி மட்சுக்குப் போகாதேங்கோ என்றாய். போனில் எனக்குக் கோபம் வந்தால் சொல் வராது. இப்போது எழுதத் தெரியும், ஆகவே எழுதுகிறேன், முழுவதையும் கேள்.

உனக்குத் தெரியும், கோடை வந்தால் எங்கள் ஊர்க் கல்லூரியும் மற்றக் கல்லூரியும் லண்டனில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்துக் கிரிக்கெட் விளையாடும். மற்றக் கல்லூரியின் பெயரை நான் எழுதமாட்டேன், எழுதப் படித்தது அதற்காக இல்லை. எங்களுக்கு ஒரு கூடாரம், நீலமும் மஞ்சளும். அவர்களுக்கு ஒரு கூடாரம், சிவப்பும் கறுப்பும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலம் தொடங்கி எங்கள் கூடாரத்தில் கத்துவதற்கு முன்னுக்கு நிற்கிறவன் நான்தான். நான் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் டாக்டர்மாரும் எக்கவுண்டன்மாரும் சேர்ந்து கத்துவார்கள். நீ எந்த பட்ச், எந்த வருடம் படித்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் படித்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் ஊரில் அந்தக் கல்லூரி மைதானத்து வேலிக்கு வெளியே ஐஸ்பழம் விற்றவன். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். பெரிய போட்டி நடக்கிற நாளில் சிவப்பு ஐஸ்பழம் விற்கமாட்டேன் என்று நின்று முதலாளியிடம் ஏச்சு வாங்கியவன். மஞ்சளை மட்டும் விற்றேன், சிவப்பு பெட்டிக்குள்ளேயே தண்ணீராகிப் போனது. இதைவிட அந்தக் கல்லூரிக்கு விசுவாசமாக யார் இருந்தார்கள் சொல்லு பார்ப்போம்.

இந்த முறை வந்த கேடு என் சந்தோசத்தால் வந்தது. தவமலர் ரீச்சர் லைப்ரரி அறையில் எங்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அவரவர் பெயரை எழுதப் பழகிய பிறகு, அடுத்து என்ன சொல் வேண்டும் என்று ரீச்சர் கேட்டார். மற்றவர்கள் பிள்ளைகளின் பெயரைக் கேட்டார்கள். நான் கல்லூரியின் பெயரைக் கேட்டேன். கோபிக்காதே, மூன்றாவதாக உன் பெயர்தான். அப்படியிருக்க, மட்சுக்குப் போன இடத்தில் எங்கள் கூடாரத்து வாசலில் கல்லூரியின் பெயர் பெரிதாக எழுதித் தொங்குகிறது, அதை நான் வாசித்தேன் மகள்! இத்தனை வருடம் அதன் கீழே நின்று கத்தியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என்னோடு கதைத்தது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வந்தவன் போனவன் எல்லாரையும் பிடித்து, எனக்கு இப்ப வாசிக்கத் தெரியும், இந்த வருசம்தான் படிச்சனான் என்று சொன்னேன். பலர் கை தந்தார்கள். சங்கத்தின் புதுச் செயலாளர் ரதீசன் கை தரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அப்ப நீங்கள் கல்லூரியில எந்த பட்ச் ஐயா என்று கேட்டான். எழுத்து இப்போது படித்தவன் அங்கே எப்படிப் படித்திருப்பான் என்று கணக்குப் பார்த்துவிட்டான். நான் படிக்கவில்லை, ஐஸ்பழம் விற்றேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் கதைத்த விதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவன் மரியாதையாகக் கதைத்தான். ஐயா, கலர் எண்டது சும்மா துணி இல்லை, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு என்று தொடங்கினான். முதல் அதிபராக வந்த வெள்ளைக்காரர் தான் படித்த பல்கலைக்கழகத்தின் படகோட்டக் குழுவின் நீலத்தைக் கொண்டுவந்தாராம், பின்னால் வந்தவர் ஊர்க் கடற்கரையின் வெளிச்சவீட்டை நினைத்து மஞ்சளைச் சேர்த்தாராம், ஆகவே அந்த நிறத்தைப் போடும் உரிமை அங்கே படித்தவர்களுக்குத்தானாம். என் கழுத்தில் கிடந்த நீல மஞ்சள் மஃப்ளரைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினான். அது சங்கத்தில் வாங்கிய மஃப்ளர் இல்லை. நாங்கள் வந்த முதல் குளிருக்கு உன் அம்மா பின்னியது, அந்த நீலம் கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கியவள் அவள். தம்பி, இதைக் கழட்டிறதெண்டால் பின்னினவளைக் கேக்கவேணும், அவள் நிர்மலா கல்லறையில இருக்கிறாள், போய்க் கேட்டுக்கொண்டு வா என்றேன். அவன் நீட்டிய கை தானாகக் கீழே போனது. ஆனாலும் விடவில்லை, ஒரு அட்டையை எடுத்து என் கோட்டில் குத்திவிட்டான். குனிந்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நலன்விரும்பி என்று இருந்தது. நாலு பேருக்கு முன்னால் என்னைப் பற்றி எழுதிய ஒரு சொல்லை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. நலன்விரும்பிகளுக்குக் கதிரை பின்னுக்கு, கழிப்பறை வண்டிக்குப் பக்கத்தில்.

நான் அங்கே இருப்பேனா? அட்டையைப் பிடுங்கி அவன் மேசையில் வைத்துவிட்டு இரண்டு கூடாரத்துக்கும் நடுவில் மரத்தடியில் போய் இருந்தேன். பிறகு நடந்ததைக் கேள். எங்கள் கூடாரத்தில் கத்தலை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ரதீசன் ஸ்பீக்கரில் பதிவு செய்த கைதட்டலைப் போட்டான். பதிவு செய்த கைதட்டல், மகள்! எங்கள் ஆள் அவுட் ஆகிப் போகிறான், ஸ்பீக்கர் கைதட்டுகிறது! மற்றக் கூடாரம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னடாப்பா, செபமாலை அண்ணையை வித்துப்போட்டே ஸ்பீக்கர் வாங்கினீங்கள் என்று ஒருவன் என்னைக் காட்டிக் கத்தினான். அதோடு நின்றார்களா, ஒரு கதிரையும் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸும் கொண்டுவந்து, அண்ணை எங்கட பக்கம் வாங்கோ, நாங்கள் பட்ச் கேக்கமாட்டம், சிவப்பு மஃப்ளரும் தாறம் என்றார்கள். கதிரையில் இருந்தேன், ரோல்ஸும் சாப்பிட்டேன், பசிக்கு நிறம் இல்லை. சிவப்பை மட்டும் தொடவில்லை. அன்றைக்கு நாங்கள் தோற்றோம். இவ்வளவு காலத்தில் ஒரு சத்தமும் போடாமல் நான் பார்த்த மட்ச் அது ஒன்றுதான், எனக்குத் தொண்டை நொந்தது.

ரதீசன் சொன்ன வரலாற்றுக்குப் பதில் எனக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தது. அந்த வெள்ளைக்கார அதிபர் தன் பல்கலைக்கழகத்து நீலத்தைக் கொண்டுவந்து எங்கள் ஊர்ப் பெடியன்களுக்குப் போட்டாரே, அந்தப் பெடியன்கள் அவருடைய பல்கலைக்கழகத்தில் படித்தவர்களா? அவர்களை ஒருவரும் எந்த பட்ச் என்று கேட்கவில்லையே. முதல் நாளிலேயே அது அங்கே படிக்காதவன் உடம்பில் ஏறிய நிறம்தானே. இதை அங்கேயே கேட்காமல் வந்துவிட்டேன் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். நீயே போன வருடம் சொன்னாய், உங்கள் ஊரில் சனிக்கிழமை கல்லூரி ஃபுட்போல் என்றால் தலைமயிர் வெட்டுகிறவர், தபால்காரர், கிழவிகள் எல்லாரும் அந்தக் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள், அதில் பாதிப் பேர் உள்ளே காலும் வைத்திருக்கமாட்டார்கள் என்று. அவர்களுக்கு ஒருவரும் நலன்விரும்பி அட்டை குத்தவில்லையே. அப்படியான ஊரில் இருந்துகொண்டு நீ எனக்குப் போகாதே என்று சொல்வது எனக்கு ரதீசன் சொன்னதைவிடக் கூட வலித்தது. அவன் நேற்று வந்தவன். நீ சின்னப்பிள்ளையாக என் தோளில் இருந்து கத்தினவள்.

நேற்று அவன் கணேசலிங்கத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், வருகிற சனிக்கிழமை உதைபந்தாட்டத்துக்கு நான் வரலாமாம், முன்னுக்கு நின்று கத்தலாமாம், ஆனால் அட்டையைக் குத்திக்கொண்டு, மஃப்ளர் இல்லாமல். ஸ்பீக்கர் சரிவரவில்லை போலிருக்கிறது. கணேசலிங்கம், ஓமெண்டு சொல்லிப்போட்டுப் போவமடா என்கிறான். நீ போகவே வேண்டாம் என்கிறாய். இரண்டு பேர் சொன்னதையும் நான் கேட்கப்போவதில்லை. போகப்போகிறேன், அம்மாவின் மஃப்ளரைப் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். அட்டை குத்தத்தான் வேண்டும் என்றால் என் அட்டையை நானே எழுதிக் குத்துவேன். சுவர்ணா தந்த சீரியல் பெட்டி மட்டையில் எழுதி முடித்துவிட்டேன், இரண்டு தடவை பிழைத்து மூன்றாம் தடவை சரிவந்தது. ஐஸ்பழம் விற்றவன், இந்தக் கல்லூரியில் படிக்கவில்லை, இதற்காகக் கத்துகிறவன் என்று எழுதியிருக்கிறேன். கல்லூரி என்ற சொல்தான் எல்லாவற்றிலும் வடிவாக வந்திருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் குளிரில் கவனம், பிள்ளைக்கு இருமல் வந்தால் அசட்டையாக விடாதே. பேத்தி ஜதுர்ஷிகாவின் படம் கிடைத்தது, முகம் உன் அம்மாவையே உரித்து வைத்திருக்கிறது, ஆனால் அந்தச் சிவப்பும் கறுப்பும் சட்டை உங்கள் ஊர்க் கல்லூரி நிறம் என்றாலும் என்னால் பார்க்க முடியவில்லை, நீ எனக்கு அனுப்பிய அதே நிற ஸ்வெற்றரும் அலுமாரியின் அடியில்தான் கிடக்கிறது. இனி ஏதும் அனுப்பினால் நிறத்தைப் பார்த்து அனுப்பு. மாதா உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். சனிக்கிழமை அவர்கள் என்னை முன்னுக்கு விட்டார்களா வெளியில் விட்டார்களா என்று கணேசலிங்கத்திடம் கேட்காதே, அடுத்த ஞாயிறு பூசை முடிய நானே எழுதுகிறேன். எழுத்து இன்னும் கோணலாக இருந்தால், விரல்தான் காரணம் என்று நினைக்காதே, தொண்டை கட்டும் வரைக்கும் கத்திவிட்டு வந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்.

உன் அன்பு அப்பா,
செபமாலைமுத்து
(கைவிரல் அடையாளம் இல்லை, நானே வைத்த கையெழுத்து)