ஏழாவது பாட்டில் என் பெயர்

3.6.2025, செவ்வாய்

இந்த மாதப் பத்திக்கு மூன்று புது ஆல்பங்கள். ராக் இசை ஒன்று, சோல் இசை ஒன்று, நாட்டார் பாடல் ஒன்று. இருபதாம் தேதிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். சங்கராபுரத்தில் நாள் முழுக்க ‘கிழக்கே வாய்க்கால், மேற்கே வரப்பு’ என்று பத்திரம் எழுதுகிறவன்தான் மதியத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிட்டாருக்குக் குற்றம் கண்டுபிடிக்கிறான். இது இணைய இதழில் என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ராக்கை முடித்தேன். ‘தகரக் கூரை’ என்று பெயர், சென்னைப் பையன்கள். டிரம்ஸ் பிரமாதம். பாடுகிறவன் ஒன்பது பாட்டிலும் கோபமாகவே இருக்கிறான். எதன்மேல் கோபம் என்று ஒன்றிலும் சொல்லவில்லை. இதையே எழுதிவிடலாம்.

5.6.2025, வியாழன்

சோல் ஆல்பம் மணிமொழி என்ற புதுச்சேரிப் பெண்ணுடையது. நல்ல குரல். ஆனால் வரிக்கு வரி அதை நெளித்துக் காட்டுகிறாள். நாலாவது பாட்டில் ஒரே ஓர் இடத்தில் தன்னை மறந்து மூச்சு வாங்குகிறாள். அதற்காகவே மூன்று முறை கேட்டேன்.

நாளை நாட்டார் பாடல், மலைக்காரர்கள் பாடிய ஆல்பம். பதிவு செய்த இளஞ்செழியனைப் போன ஐப்பசியில் வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனவனே நான்தான். எழுதும்போது இதைச் சொல்லிவிட வேண்டும்.

6.6.2025, வெள்ளி

ஏழாவது பாட்டில் என் பெயர்.

7.6.2025, சனி

நேற்று அதற்குமேல் கை ஓடவில்லை.

அது ஒப்பாரி. “தமிழரசா” என்று என்னைச் சொல்லி ஒரு பெண் அழுகிறாள். அன்று வெள்ளிமலையில் நடந்ததை மறந்தே போயிருந்தேன். சாலம்மாள் என்ற அந்தப் பெண்ணை ஒப்பாரி பாடச் சொன்னான் இளஞ்செழியன். அவள் மறுத்தாள். “எழவு வுழாத வூட்ல ஒப்பாரி வெக்கமாட்டோம். யாருக்குன்னு அழுவறது?” நான்தான், பெரிய பகுத்தறிவாளன், சிரித்துக்கொண்டே சொன்னேன்: “எனக்கு அழுங்க. என் பேரு தமிழரசன்.” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “நெசமாத்தான் சொல்றியா? அப்பறம் பேச்சு மாறக் கூடாது.” மாறமாட்டேன் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அவள் பாடியதை நான் கேட்கவேயில்லை.

இப்போது கேட்டாயிற்று. உயிரோடு இருக்கும்போதே தன் எழவு வீட்டு வாசலில் நிற்க எத்தனை பேருக்கு வாய்க்கும்?

9.6.2025, திங்கள்

வேலைக்குப் போகும் வழியில் வண்டி சறுக்கியது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வெயில், மணல், தேய்ந்த டயர், எல்லாம் காரணம். ஆனாலும் விழும்போது என் காதில் அவள் குரல்தான் கேட்டது.

மருந்து போடும்போது கமலாவிடம் உளறிவிட்டேன். மனைவியிடம் மறைக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? பாட்டைப் போடச் சொன்னாள். பாதியில் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “இன்னா மனுசன்யா நீ? தாலி கட்னவ ஒருத்தி இருக்கறது நெனப்புல இல்லியா? மொதல்ல அத்த எடுக்கச் சொல்லு.” பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். சமைக்கவில்லை.

11.6.2025, புதன்

வெட்கத்தை விட்டு இளஞ்செழியனுக்குப் போன் போட்டேன். “சார், ஆல்பத்துலயே அதான் ஒசத்தி. நீங்க சொன்னா எடுத்துடறேன். ரிலீசுக்கு முன்ன, திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க” என்றான்.

ஒசத்திதான். அதுதான் பயமாக இருக்கிறது. என்னை அரைமணி நேரம் பார்த்தவள் எனக்காக இப்படி அழ முடியுமா? பொய் அழுகை என் காதுக்குத் தப்பாது. இதில் பொய்யே இல்லையே. அப்படியென்றால் அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன ஆகப்போகிறது?



12.6.2025, வியாழன்

பயந்தவனாகக் கேட்டது போதும், விமர்சகனாகக் கேள் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வரிகளை எழுதி எடுத்தேன்.

*கோடாலி தோள்மேல, கோணப் புருவக்காரா,*
*போட்ட சாமச்சோறு ஆறிப்போச்சே, தமிழரசா.*

கண்ணாடியில் பார்த்தேன். என் புருவம் நேராகத்தான் இருக்கிறது. கோடாலியை நான் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

பெயர் மட்டும்தான் என்னுடையது. ஆள் வேறு.

15.6.2025, ஞாயிறு

காலை பஸ்ஸில் வெள்ளிமலை போனேன். சாலம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வரியை மட்டும் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

கோணப் புருவக்காரன் அவள் மகன் தர்மன். வடக்கே மரம் வெட்ட ஆட்களோடு போனவன். போய் ஒன்பது வருடம். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

“ஊரே சொல்லுது, செத்திருப்பான், காரியம் பண்ணிடுன்னு. அவம் பேரச் சொல்லி அழுதா, எம்புள்ளைய நானே கொன்ன மாரி ஆயிடாதா? ஒம்போது வருசமா அழுவல சாமி. நெஞ்சுலயே வெச்சிக்கினு இருந்தேன். நீ வந்து பேரு குடுத்த.”

ஏழு வருடம் காணாமல் போனவனை இறந்தவனாகக் கொள்ளலாம் என்று பத்திரம் எழுத வந்தவர்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். அங்கே வாயைத் திறக்கவில்லை.

“திருப்பிக் கேக்க வந்தியா?” என்றாள். கேட்கத்தான் போனேன். “இல்லீங்க, நீங்களே வெச்சிக்கோங்க” என்றேன். என் நம்பரைப் பேரனின் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள். “உம்பேர்ல அழுதுட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அப்பப்ப கேட்டுக்கறேன், இருக்கியான்னு.”

16.6.2025, திங்கள்

இளஞ்செழியனிடம் பாட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கமலாவிடமும் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய்த் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

19.6.2025, வியாழன்

பத்தி போய்விட்டது. ஏழாவது பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அதில் என் பெயர் இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். ராக் பையனின் கோபத்தைக் கிண்டலடித்த வரியை எடுத்துவிட்டேன். எதன்மேல் என்று அவன் சொல்லவில்லை. அதனால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

பயம் முழுக்கப் போய்விட்டதா? இல்லை. தலைவலி வந்தாலும் அந்தக் குரல் கேட்கிறது. ஆனால் இப்போது அதில் ஒரு கோணப் புருவமும் தெரிகிறது.

29.6.2025, ஞாயிறு

மதியம் இலையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. கை எச்சில், கமலாதான் எடுத்தாள். யாரென்று கேட்கும்போதே அவள் முகம் மாறியது.

“தமிழரசன் இருக்கானான்னு கேக்குது அந்தம்மா” என்று போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள். கையை நீட்டினேன். தரவில்லை. அவளே பேசினாள்.

“இருக்காருங்கம்மா. சோறு சாப்ட்டுக்கினு இருக்காரு.”

அதற்குச் சாலம்மாள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாளாம்.

“சூடாவா?”